வார்த்திகன் வழக்கும் கோவலன் பெயரும்

சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்தும் தமிழாசிரியர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வழக்குரை காதையை விரித்துரைப்போம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த இடத்தில் குரலை உயர்த்துவோம். பாண்டியன் வீழ்ந்ததையும் மதுரை எரிந்ததையும் சொல்லி முடித்து, அடுத்து வரும் கட்டுரை காதையை 'முற்பிறப்புக் கதை' என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டு வஞ்சிக் காண்டத்துக்குத் தாவிவிடுவோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே செய்து வந்தேன். அது பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். கிள்ளானை அடுத்த ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு பயின்ற ஒரு சிறுமி.

அச்சிறுமியின் தந்தை ஒரு களவு வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர். மேல்முறையீட்டில் அவர் குற்றமற்றவர் எனத் தண்டனை நீக்கப்பட்டது. அதற்குள் ஓராண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. வேலை போயிற்று, தோட்டத்து வீடும் போயிற்று. சிறை சென்ற செய்தி ஒரே நாளில் லயம் முழுவதும் பரவியது. விடுதலையான செய்தியோ வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

கோவலன் கதையை வகுப்பில் சொல்லி முடித்த அன்று அவள் எழுந்து கேட்டாள்: "ஐயா, கோவலன் திருடன் இல்லைன்னு அந்த ஊர் ஆளுங்ககிட்ட யாரு போய்ச் சொன்னாங்க?"

நான் விடை சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு நூலைத் திறந்து மீண்டும் படித்தேன். அக்கேள்விக்குரிய விடை, நான் ஆண்டுதோறும் தாவிச் சென்ற கட்டுரை காதையிலேயே தொடங்குவதைக் கண்டேன். அதனைத் தமிழாசிரியப் பெருமக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வழக்குகள்

மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது, அந்நகரின் காவல் தெய்வமாகிய மதுராபதி, கண்ணகியின் முன்வந்து நிற்க அஞ்சி, அவள் பின்புறமாக வந்து பேசுகிறது. அத்தெய்வத்தின் பேச்சே கட்டுரை காதை. அதனை மேலோட்டமாகப் படிப்பவர்க்கு, தொடர்பில்லாத பல கதைகளைக் கோத்தது போலத் தோன்றும். ஊன்றிப் படிப்பவர்க்கு, அங்கே ஒரே பொருள் பற்றிய வழக்குகள் அடுக்கப்பட்டிருப்பது விளங்கும்.

கலிங்க நாட்டுச் சங்கமன் வழக்கு காலத்தால் முந்தியது. வாணிகம் செய்ய மனைவியோடு சிங்கபுரத்துக்கு வந்த அவனைப் பகைநாட்டு ஒற்றன் என்று பரதன் என்பவன் அரசனிடம் காட்டிக் கொடுக்கிறான். சங்கமன் கொல்லப்படுகிறான். அவன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு உயிர் விடுகிறாள். அப்பரதனே மறுபிறப்பில் கோவலன் ஆனான் என்கிறது தெய்வம். அடுத்தது பாண்டிய நாட்டு வார்த்திகன் வழக்கு. இறுதியாக நிற்பது, எரியும் நகரமே சான்றாக நிற்கும் கோவலன் வழக்கு.

மூன்றிலும் குற்றம் செய்யாதவன் தண்டிக்கப்படுகிறான். மூன்றிலும் அரசின் கை ஆராயாமல் நீள்கிறது. ஆனால் மூவருள் ஒருவன் மட்டுமே நீதி பெற்று வீடு திரும்புகிறான். அவன் வார்த்திகன். அவன் கதையை இளங்கோவடிகள் ஏன் இங்கே வைத்தார்?

வார்த்திகன் பெற்றவை

வார்த்திகன் தங்கால் என்னும் ஊரினன். இன்று சிவகாசியை அடுத்துள்ள திருத்தங்கலே அவ்வூர் என்பர். சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் சோழநாட்டு அந்தணன் அவ்வூரில் தங்கினான். அங்கு விளையாடிய சிறுவர்களுள் வார்த்திகன் மகன் மழலை மாறாத வாயால் மறையைப் பிழையின்றி ஓதினான். அதுகண்டு மகிழ்ந்த பராசரன் முத்துப் பூணூலும் கடகமும் தோடும் அவனுக்கு அளித்துச் சென்றான். ஏழை வீட்டில் அணிகலன் மின்னியது அரசனின் பணியாளர்க்குப் பொறுக்கவில்லை. அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தவன் என்று சொல்லி, முறையான ஆய்வு எதுவுமின்றி வார்த்திகனைச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள்.

இதன் பின்பு நடப்பதைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மதுரையில் ஐயை கோயிலின் கதவு திறக்கவில்லை. அரசன் திடுக்கிட்டு, தன் செங்கோல் எங்கேனும் வளைந்ததோ என்று வினவுகிறான். ஆராய்ந்து உண்மை அறிகிறான்.

அப்போது அவன் செய்தவற்றை ஆசிரியர் முறையாக வரிசைப்படுத்துகிறார். முதலாவது, பிழையை அவன் ஒப்புக்கொள்கிறான். பணியாளர் தவறு என்று தள்ளிவிடாமல், தன் ஆட்சிமுறையே பிழைத்தது என்று சொல்லிப் பொறுத்தருள வேண்டுகிறான். இரண்டாவது, வார்த்திகன் பிழைப்பதற்கு வழி செய்கிறான். தங்காலையும் வயல்வளம் மிக்க வயலூரையும் வழங்குகிறான். மூன்றாவது, வார்த்திகன் முன்னிலையில் மார்பு நிலத்தில் படுமாறு விழுந்து வணங்குகிறான். அதன் பின்னரே கோயில் கதவு திறக்கிறது. அது திறந்த ஓசை மதுரைத் தெருக்கள் எங்கும் கேட்டது என்கிறார் ஆசிரியர். நான்காவது, யானைமேல் முரசேற்றி ஆணை அறைவிக்கிறான்: சிறைக்கூடங்களைத் திறந்து விடுக, இறுக்கவேண்டிய வரி நிலுவையை நீக்குக, புதையல், அதைப் பெற்றவர்க்கே உரியது.

இவ்வரிசையைத் தமிழாசிரியர்கள் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டுகிறேன். இருவூர்க் கொடையை மட்டும் ஆசிரியர் சொல்லி நிறுத்தியிருந்தால் அது வள்ளல் தன்மையைப் போற்றும் கதையாகவே நின்றிருக்கும். இங்கோ கொடைக்கு முன்னே ஒப்புதலும், பின்னே ஊரறிந்த வணக்கமும் நிற்கின்றன. பழி நீங்கிய செய்தி தெருத்தோறும் கேட்கிறது. எந்தச் சட்டத்தைக் காட்டி ஏழையைப் பிடித்தார்களோ, அந்தப் புதையல் சட்டமே மாற்றப்படுகிறது. இவை அனைத்தும் சேர்ந்ததே ஈடு என்பது காப்பியம் தரும் இலக்கணம்.

இன்னும் ஒன்றையும் கருத வேண்டும். கார்த்திகை அரண்மனைக்குச் சென்று முறையிடவில்லை. அவள் தன் ஊரில் கிடந்து அழுதாள். வழக்கைத் தேடிச் சென்றவன் அரசன். பாதிக்கப்பட்டவன் வந்து கேட்கட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை.

அதே அரசன்

வார்த்திகனுக்கு நீதி வழங்கியவன் யாரோ ஒரு முன்னோன் என்றே பலரும் எண்ணுகின்றனர். அக்காதையை ஊன்றிப் படித்தால் ஐயம் நீங்கும். யானைமேல் முரசேற்றி முறையறைந்த அவ்வேந்தன் தானே முறை தவறிய வரலாற்றையும் கேள் என்றுதான் மதுராபதி தன் பேச்சைத் தொடர்கிறது. வார்த்திகன் முன் விழுந்து வணங்கியவனும், கோவலனைக் கொல்லச் சொன்னவனும் ஒருவனே.

இது காப்பியத்தின் மிகக் கடுமையான இடம் என்பது என் கருத்து. நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். ஒருமுறை பிழை செய்து, வருந்தி, ஈடு செய்தவன். சிறையைத் திறக்கச் சொன்ன அவன், தண்டனைக்கு முன் ஆராய்ச்சி வேண்டும் என்று ஒரு விதி செய்யவில்லை. வருந்தினான், ஆனால் முறையைத் திருத்தவில்லை. ஆகவே அரசியின் ஊடல் தீர்க்கப் போகும் அவசரத்தில், பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லே போதுமானதாயிற்று. கொலைக்களத்தில் காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லை என்று ஐயுறுகின்றனர். அந்த ஐயத்துக்குச் செவிகொடுக்க ஓர் இடம் இல்லை. கல்லாத ஒருவனின் வாள் முந்திக்கொண்டது.

வார்த்திகனைச் சிறையில் இட்டார்கள். ஆகவே வெளியே கொண்டுவர முடிந்தது. கோவலனை வெட்டினார்கள், ஊர் இரண்டு கொடுத்தாலும் நாடே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அவன் இல்லை. ஈடு என்பது உயிரோடிருப்பவனுக்கே இயலும் என்பதை, இவ்விரு வழக்கையும் அருகருகே வைத்து ஆசிரியர் காட்டிவிடுகிறார். கட்டாய மரண தண்டனையை நம் நாடு 2023 ஜூலை 4 முதல் நீக்கியபோது, உயிரைப் பறிப்பதா சிறையில் இடுவதா என்று எண்ணிப் பார்க்கும் உரிமை நீதிபதிக்குத் திரும்பக் கிடைத்தது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது எனக்கு வார்த்திகனும் கோவலனும் நினைவுக்கு வந்தனர்.

முற்பிறப்பு வினையே கோவலனைக் கொன்றது என்று தெய்வமே சொல்லும்போது அரசனை ஏன் குறை கூற வேண்டும் என்று சிலர் கேட்பர். ஊழ் காப்பியத்தின் கொள்கைகளுள் ஒன்று, மறுப்பதற்கில்லை. ஆயினும் பதிகம் எடுத்துரைக்கும் மூன்று உண்மைகளுள் அரசியல் பிழைத்தவரைப் பற்றியது முதலில் வைக்கப்பட்டுள்ளது. ஊழ் மூன்றாவதாகவே வருகிறது. ஊழைச் சொல்லி அரசனை விடுவிப்பது ஆசிரியர் கருத்தாயின், அவன் அரியணையிலிருந்து வீழ்ந்து மாள வேண்டியதே இல்லை.

கோவலன் பெயர்

இனி, அச்சிறுமியின் கேள்விக்கு வருவோம். கோவலன் கள்வன் அல்லன் என்று ஊருக்கு யார் சொன்னார்?

கணவன் கொலையுண்டான் என்று கேட்டதும் கண்ணகி பொருள் கேட்கவில்லை; பழிக்குப் பழியும் உடனே கேட்கவில்லை. கதிரவனை நோக்கி, என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். உயிர் போயிற்று என்பதைவிட, போன உயிரின் மேல் ஒட்டியிருக்கும் பெயரே அவளை முதலில் சுடுகிறது. கள்வன் அல்லன் என்று வானிலிருந்து ஒரு குரல் வருகிறது. அதனோடு அவள் அமைதியடையவில்லை. அவள் ஒருத்தி அறிந்தால் போதாது; தண்டித்தவன் வாயால், தண்டித்த அவையில் அது சொல்லப்பட வேண்டும்.

அவையில் நடந்ததை நாம் அறிவோம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அரசன். அவள் பரல் எது என்று காட்டுகிறாள். உடனே அவன் கள்வன் என்னும் அப்பெயரைக் கோவலனிடமிருந்து எடுத்துத் தன்மேல் இட்டுக்கொண்டு மடிகிறான். மன்னிப்பு வழங்குவதற்கும் பழி நீக்குவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. மன்னிப்பு, குற்றம் செய்தவனுக்கு உரியது. கோவலனுக்கு வேண்டியது அதுவன்று. பெயர் இடம் மாற வேண்டும், மாறியது.

ஆனால் அது அவையோடு நின்றது. கேட்ட அரசனும் அரசியும் மாண்டனர், ஊர் எரிந்தது. பின்பு உலகுக்கு எவ்வாறு தெரிந்தது? மதுராபதி கண்ணகியிடம் பேசியதை, நள்ளிரவில் வெள்ளியம்பலத்தில் கிடந்த சாத்தனார் கேட்டார் என்கிறது பதிகம். அவர் சொல்ல, இளங்கோவடிகள் பாடினார். அப்படியாயின் ஊருக்குச் சொன்னது காப்பியமே. எரிந்துபோன அவையின் தீர்ப்பைத் திருத்தி எழுதிய ஆவணம் என்றே சிலப்பதிகாரத்தைச் சொல்லலாம்.

பாண்டிய நாடு தேடிய ஈடு வேறு வகையானது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. குற்றம் செய்தவன் ஒருவன். அவன் தொழிலைச் செய்தவர் என்பதற்காக மாண்டவர் ஆயிரவர். அவர்களுள் எத்தனை வார்த்திகர், எத்தனை கோவலர்? ஒரு தவறான தண்டனைக்கு ஆயிரம் தவறான தண்டனையால் ஈடு செய்த இவ்விடத்தை, நாடு மழை பெற்றது என்று சொல்லி வகுப்பில் கடந்துபோவது தமிழாசிரியர்க்கு அழகன்று.

நம் காலத்து வழக்கு

இத்தகைய வழக்கு ஒன்று அண்மைக்காலத் தமிழ் வரலாற்றிலும் உண்டு. 1944 நவம்பரில் சென்னையில் இதழாசிரியர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இலண்டன் பிரிவியூ கவுன்சில் வரை வழக்கு சென்று, மீண்டும் உயர்நீதிமன்றத்துக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர்.

அவர்கள் பெற்றது விடுதலை ஒன்றே. சிறையில் கழிந்த இரண்டு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு ஈடு ஏதுமில்லை. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' பட்டணமெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது சிறை புகுந்த பாகவதர், வெளியே வந்து நடித்த 'ராஜமுக்தி' 1948இல் தோல்வி கண்டது. பிறகு நடித்த படங்களும் அவரைப் பழைய இடத்தில் அமர்த்தவில்லை. 1957இல் வந்த ஒரு படத்தின் பெயர் 'புது வாழ்வு', அப்பெயரும் பலிக்கவில்லை. 1959இல் மறைந்தார். கலைவாணரோ 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மீண்டும் எழுந்தார். ஒரே தீர்ப்பு, இரு வாழ்வு. அரசு ஈடு செய்யாதபோது, மீள்வதும் மீளாததும் அவரவர் வலிமைக்கும் நல்வாய்ப்புக்கும் விடப்படுகிறது.

பிரிக்பீல்ட்ஸில் பழைய இசைத்தட்டுகளைப் போற்றி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம், "பாகவதர் கொலைக் கேஸ்ல உள்ள போனவராச்சே" என்றார். விடுதலையாகி எழுபது ஆண்டு கடந்துவிட்டது. 'வெளியே வந்தவர்' என்று அவர் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் வழக்கு தண்டனை வரை செல்லவில்லை. எனினும் பழி ஒன்றே. 1994இல் ஒற்றர் என்று கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பொய் என்று 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை கூறியது. 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2018இல். இருபத்துநான்கு ஆண்டு அவர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. கோயில் கதவு தானாக அடைத்துக்கொள்ளும் காலம் அன்று இது.

ஆயினும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிரிட்டனில் அஞ்சல் நிலையக் கணினி காட்டிய பொய்க்கணக்கால், 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட துணை அஞ்சல் அதிகாரிகள் திருடர் என்று தண்டிக்கப்பட்டனர். 2024இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி அத்தகைய தண்டனைகளை ஒருசேர நீக்கியது. ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து முறையிட வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு. செங்கோல் வளைந்ததோ என்று வினவி, தானே தேடிச் சென்ற பாண்டியன் செயலை ஒத்தது அது; இருபதாண்டுக்கு மேல் தாமதம் என்பது வேறு.

நம் நாட்டு நிலை

தவறாகத் தண்டிக்கப்பட்டவர்க்குச் சட்டப்படி இழப்பீடு வழங்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் குடியுரிமை, அரசியல் உரிமைகள் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை தன் 14ஆம் பிரிவில் கூறுகிறது. மலேசியா அதில் இணையவில்லை. தவறான தண்டனைக்கு ஈடு வழங்கவென்று தனிச்சட்டம் எதுவும் இங்கு இல்லை. அரசியலமைப்பின் 42ஆம் பிரிவின்படி மன்னிப்புக் கேட்கலாம். கோலாலம்பூரில் நிகழ்ந்த குற்றமாயின் மாமன்னரிடம், கிள்ளானில் நிகழ்ந்ததாயின் சிலாங்கூர் சுல்தானிடம். ஆனால் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது எவ்வாறு? மற்றொரு வழி, அரசின்மேல் உரிமையியல் வழக்குத் தொடுப்பது. அதற்கும் 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாத வரம்பு விதிக்கிறது. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமும் வேண்டும். தோட்டத்திலிருந்து சிறை சென்று திரும்பியவன் அந்த 36 மாதத்தையும் பிழைப்புத் தேடுவதிலேயே கழித்துவிடுகிறான்.

மாணவியின் தந்தை என்னிடம் வந்தது இழப்பீட்டுக்காக அன்று. மலாய் மொழியில் இருந்த தீர்ப்பின் படியைக் கையில் வைத்திருந்தார்.

"வாத்தியாரையா, இத தமிழ்ல எழுதிக் கொடுங்க. கோயில்ல எல்லாரும் கேக்குற மாதிரி நீங்களே படிச்சிருங்க. நான் படிச்சா நம்ப மாட்டாங்க" என்றார்.

எழுதினேன். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பு கூடிய கூட்டத்தில், பூசை முடிந்ததும் கோயில் தலைவர் இசைவோடு படித்தேன். ஒரு பக்கம்தான், மூன்று நிமிடம் ஆகியிருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். மறுவாரம் பந்தல் போடும் வேலைக்கு அவரையும் கூப்பிட்டார்கள். இழந்த வேலை அவருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஓராண்டுக்கும் மேற்பட்ட ஊதியத்தைத் திருப்பித் தர எவரும் இல்லை. ஆனால் அச்சிறுமி அதன்பின் பள்ளிக்குத் தவறாமல் வந்தாள்.

வார்த்திகன் பெற்ற நான்கில் ஒன்றன் ஒரு சிறு பகுதி அது. மற்றவை அரசு செய்ய வேண்டியவை: பிழையை ஒப்புதல், பிழைக்க வழி செய்தல், விதியைத் திருத்தல். அவற்றைக் கேட்கும் உரிமை உண்டு என்பதையேனும் மாணவர்க்குச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. சட்டப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். கையிலிருக்கும் சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையைத் தாவாமல் நடத்தினால் போதும். வழக்குரை காதையில் கண்ணீர் வடிக்கும் மாணவர், கட்டுரை காதையில் நீதி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்வர்.

வரும் ஆண்டில் நான் வார்த்திகனிலிருந்து தொடங்கிக் கோவலனுக்கு வரப்போகிறேன். அன்பர்களும் அவ்வாறு நடத்திப் பார்த்து, மாணவர் கேட்கும் கேள்விகளை இப்பகுதிக்கு எழுதினால் நான் மகிழ்வேன்.